வருஷா வருஷம் சித்திரையில் ஏசி கேஸ் குறைகிறது. மிஷினை மாற்றத்தான் வேண்டுமா?

பாமணியாற்றங்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து பெரும்பாலும் கட்டிலோடுதான். வேர்வையில் ஊறி முதுகில் படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று பயந்துதான் பின்கட்டு அறையில் ஏசி போட்டோம். 1.5 டன், இன்வெர்ட்டர் ஸ்பிளிட், 3 ஸ்டார். ஸ்டிக்கரில் கேஸ் ஆர்-32, 800 கிராம் என்று போட்டிருக்கிறது. அறை 12க்கு 14 அடி. வீட்டின் முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, இந்த அறை மட்டும் பிற்பாடு கட்டிய கான்கிரீட் தளம். மேலே மாடி கிடையாது.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் இதே பாடு. மாசி, பங்குனியில் போட்டால் ஏதோ குளிர்கிற மாதிரி இருக்கும். கத்திரி தொடங்கியதும் 24ல் வைத்தாலும் அறை 30க்குக் கீழே இறங்காது. மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் தண்ணீர் பைப்புக்கு அடியில் வைத்த வாளி மதியத்துக்குள் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். இப்போது வாளியின் அடி நனைவதோடு சரி.

மெக்கானிக் வருகிறார், "கேஸ் இல்லை" என்கிறார், மூவாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு அடைத்துவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி அம்மா போர்வை கேட்கிறார். அடுத்த சித்திரையில் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை வந்தவர், "காயில் போயிடுச்சு, புது மிஷின் வாங்கிடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காயில் என்றால் கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருளாம்.

சாயங்காலத்தில் வோல்டேஜும் இறங்குகிறது. பம்புசெட் இருப்பவர்கள் முன்பட்டக் குறுவைக்கு நாற்று விட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு, ஏழு மணிக்கு ஸ்டெபிலைசர் 180, 185 காட்டுகிறது. அதனால்தான் குளிரவில்லையோ என்றும் ஒரு சந்தேகம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கேஸ் என்பது வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளா? இல்லையென்றால் எங்கே போகிறது? புது மிஷின் வாங்க இப்போது கையில் பணம் இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் காரணம் தெரிந்து வாங்க வேண்டும்.


குடந்தை ஏசி சர்வீஸ் எழுதியது:

அக்கா, கேஸ் தீராது. இதை முதல்ல மனசுல வச்சுக்குங்க. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்ற சாமான் அது. உள்ளே ரூம் சூட்டை வாங்கி ஆவியாகும், வெளியே கொண்டுபோய்க் கொட்டிட்டுத் திரும்பத் திரவமாகும். செலவாகிற பொருளே இல்லை. பத்து வருஷமா கேஸைத் தொடாம ஓடுற மிஷின் கும்பகோணத்துல எத்தனையோ வீட்டுல இருக்கு. குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அந்த ஓட்டையைத் தேடாம கேஸ் மட்டும் அடைச்சுட்டுப் போறது வேலையே இல்லை. என் தொழில்ல இருக்கிறவங்கதான் இதைச் செய்யறாங்க, அதான் வருத்தமா இருக்கு. படுத்திருக்கிற பெரியவங்க இருக்கிற வீடு வேற.

ஆனா "கேஸ்தான்"னு அவர் சொன்னதையும் அப்படியே நம்ப வேணாம். நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கு.

ரிமோட்டைக் கையில எடுங்க. பனிப்பூ படம் இருக்கணும். சொட்டுப் படம் இருந்தா அது டிரை மோட், ரூமைப் பெருசாக் குளிர வைக்காது. இப்ப வர்ற இன்வெர்ட்டர் மிஷின் பலதுல கன்வெர்டிபிள்னு ஒரு பட்டன் இருக்கு. 40, 60, 80 சதவீதம்னு மாத்தலாம். கரண்டு மிச்சம்னு யாராவது 40ல அழுத்தி வச்சிருந்தா ஒண்ணரை டன் மிஷின் முக்கால் டன்கூட வேலை செய்யாது. கத்திரி வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? போன மாசம் பாபநாசத்துல ஒரு வீட்டுக்குப் போனேன், பேரப்பையன் அழுத்தின பட்டனைத் திருப்பி அழுத்தினதுதான் மொத்த ரிப்பேரும்.

அடுத்தது தூசி. ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, மறுபக்கம் தெரியணும். ஆனா நம்ம பக்கத்துல ஃபில்டரை விட அவுட்டோர்தான் மோசம். தை, மாசியில சம்பா அறுப்பு. மிஷின் இறங்கி அறுக்கும்போது பறக்கிற சுணையும் வைக்கோல் தூளும் அவுட்டோருக்குப் பின்பக்கம் கம்பளி மாதிரி அப்பிக்கும். முன்னாடி நின்னு பார்த்தா தெரியாது, காத்தை இழுக்கிற பின்பக்கம் பார்க்கணும். மெயினை ஆஃப் பண்ணிட்டு, சாதாரண தண்ணிக் குழாயால மேலேருந்து கீழே நேரா அடிங்க. சாய்ச்சு வேகமா அடிச்சா அலுமினியத் தகடெல்லாம் மடங்கிப்போயி காத்தே போகாது.

வோல்டேஜ் சந்தேகத்துக்குச் சுலபமான வழி இருக்கு. விடியக்காலை நாலு, அஞ்சு மணிக்கு ஸ்டெபிலைசரைப் பாருங்க. 220, 230 வந்திருக்கும். அந்த நேரத்துலயும் குளிரலைன்னா குத்தம் வோல்டேஜ் மேல இல்லை. 180க்கு இறங்கினா இன்வெர்ட்டர் மிஷின் வேகத்தைக் குறைச்சுக்கும், அது நிஜம்தான். ஆனா வாளியில தண்ணி நின்னுபோனதுக்கு அது மட்டும் காரணமா இருக்க முடியாது.

இதெல்லாம் சரின்னா ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க. டிஜிட்டல்ல இருநூறு, முந்நூறு ரூபாய்க்கே வருது. 24ல, ஃபேனை ஹைல வச்சு, கதவைச் சாத்தி இருபது நிமிஷம் ஓட விடுங்க. இண்டோருக்கு மேலே காத்தை இழுக்கிற இடத்துல ஒரு தடவை, காத்து வெளியே வர்ற வாயில ஒரு தடவை வச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் 8லேருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா மிஷின் நல்லாருக்கு, ரூமுக்குத்தான் ஏதோ கோளாறு. ஆடி, ஆவணிப் புழுக்கத்துல கொஞ்சம் குறைச்சலா காட்டும், அது தப்பில்லை. நாலு, அஞ்சுதான் காட்டுதுன்னா கேஸ் குறைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு.

கடைசியா அவுட்டோர் பக்கத்துல போயி ரெண்டு குழாயையும் தொட்டுப் பாருங்க. நட்டு மாட்டியிருக்கிற இடத்துல ரெண்டுமே ஜில்லுனு வேர்க்கணும். ஒல்லிக் குழாய்ல பனி பூத்து, தடிக் குழாய் வேர்க்காம வறண்டு இருந்தா கேஸ் பத்தலை. மாறா தடிக் குழாய்ல பனி கட்டியிருந்தா உள்ளே காத்து போகலை, ஃபில்டரோ பிளோயரோ அடைச்சிருக்கு. பார்த்துட்டு எழுதுங்க. நட்டு பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னும் பாருங்க. கேஸ் வெளியேறினா கம்ப்ரசர் எண்ணெயும் கூடவே கசியும்.


நாகை உப்பங்காற்று எழுதியது:

காயில் போய்விட்டது என்று சொன்னால் எங்கள் ஊரில் நம்பலாம். 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வாங்கி மாட்டிய மிஷினின் வெளிக்காயிலில் அலுமினியத் தகடு விரலால் தொட்டாலே மாவாக உதிர்கிறது. உப்புக்காற்று. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். மன்னார்குடி கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் அரிக்காது என்று நினைக்கிறேன். உங்கள் தகடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, சர்வீஸ் என்ற பெயரில் ஆசிட் கலந்து அடிக்க விடாதீர்கள். தகட்டின் மேல் இருக்கும் நீலப் பூச்சு போய்விட்டால் பிறகு காப்பாற்ற எதுவும் இல்லை. நாங்கள் நல்ல தண்ணீர் மட்டும்தான் அடிக்கிறோம், மாதம் தவறாமல்.


பாமணியாற்றங்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரிமோட் சரியாக இருக்கிறது, கன்வெர்டிபிள் 100ல்தான் இருந்தது. ஃபில்டர் சுத்தம், நான் வாராவாரம் கழுவுகிறேன். அவுட்டோர் பின்பக்கம் நீங்கள் சொன்ன சுணை நிறைய இருந்தது, கழுவிவிட்டேன், ஆனாலும் குளிர்ச்சி கூடவில்லை. தகடுகள் பளிச்சென்று இருக்கின்றன, எதுவும் உதிரவில்லை. விடியற்காலையில் வோல்டேஜ் 228. அப்போதும் அறை 29ல்தான் நின்றது. தெர்மாமீட்டர் மேலே 31, காற்று வரும் வாயில் 26.

அவுட்டோரில் ஒல்லிக் குழாய் நட்டில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது. தடிக் குழாய் வறண்டு கிடக்கிறது. அந்தத் தடிக் குழாய் நட்டைச் சுற்றித்தான் பிசுக்காக மண் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்தால் நட்டின் மேல் மயில்துத்த நிறத்தில் நீலக் கறை. பக்கத்தில் செப்புக் குழாயிலும் அதே கறை. சுற்றியிருந்த பஞ்சு டேப் வெயிலில் பொடிந்து போய் நட்டு வெறுமனே இருக்கிறது.

அவுட்டோர் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கொல்லைப்பக்கச் சுவரில் ஸ்டாண்டு அடித்து மாட்டியிருக்கிறோம். நேர் கீழே மாட்டுக்கொட்டகை. இரண்டு பசு, ஒரு கன்று. மூத்திரம் ஓடும் கால்வாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது. சாணி நாற்றம் அறைக்குள் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் யோசித்தோம், மிஷினுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.


பொன்மலை ரிடையர்டு எழுதியது:

அம்மா, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏசி எனக்குத் தெரியாது, பித்தளை தெரியும்.

அந்த நட்டு பித்தளை. பித்தளைக்கும் செம்புக்கும் ஆகவே ஆகாத ஒன்று அம்மோனியா. கொட்டகையில் தேங்கும் மூத்திரத்திலிருந்து எழும்பிக் கண்ணைக் கரிக்க வைக்கும் நெடி அதுதான். அது காற்றில் இருந்தால் மட்டும் உலோகத்தை ஒன்றும் செய்துவிடாது, ஈரமும் வேண்டும். உங்கள் நட்டு வருஷத்தில் பாதி நாள் ஜில்லென்று வேர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த வேர்வை அம்மோனியாவைப் பிடித்துக் கரைத்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் துடைத்துப் பார்த்த நீலக் கறை செம்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் வருகிற நிறம்தான்.

இத்தோடு இறுக்கமும் சேர வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கி வைத்த நட்டு உள்ளுக்குள் எந்நேரமும் இழுபட்டபடியே இருக்கும். இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் பித்தளை நெடுக்காக மயிரிழை போல வெடிக்கும். தேய்வு இருக்காது, துரு இருக்காது, வெளியே பார்த்தால் முழு நட்டாகவே இருக்கும்.

இந்த வெடிப்பை உலகம் முதலில் கவனித்ததே நம் நாட்டில்தான். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் சுடாமலே, வைத்த இடத்திலேயே வெடித்துப்போயின. குதிரை லாயங்களில் அவற்றை வைத்திருந்தார்கள். வெகு காலம் காரணம் பிடிபடவில்லை. மழைக்காலத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பேர் வைத்தார்கள். 1921ல்தான் முழு விளக்கம் வந்தது: குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், கூட்டை அழுத்தி இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும். கூட்டைச் சூடாக்கி ஆற்றி அந்த இறுக்கத்தை நீக்கியதும் தொல்லை தீர்ந்தது. குதிரை லாயத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

நட்டைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுத்தமாகத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து, முனைகளுக்கு இடையே உள்ள தட்டைப் பக்கத்தில் நீளவாக்கில் கோடு ஓடுகிறதா பாருங்கள்.


குடந்தை ஏசி சர்வீஸ் எழுதியது:

ஐயா சொன்னதுக்கு ரொம்ப நன்றி. கொட்டகை மேலே மாட்டின மிஷின்ல நட்டு வெடிக்கிறதை நானும் பார்த்திருக்கேன். மட்டமான நட்டுன்னு நினைச்சு மாத்திட்டு வந்துடுவேன். திருப்பனந்தாள் பக்கம் ஒரு வீட்டுல நல்ல நட்டு போட்டும் திரும்ப வெடிச்சதுக்கு இப்பத்தான் காரணம் புரியுது.

அக்கா, உங்க காயில் போகலை. போயிருந்தா பிசுக்கு காயில்ல இருக்கும், நட்டுல இருக்காது. நீங்க கொடுத்த அளவு, 31க்கும் 26க்கும் அஞ்சு டிகிரி, ஒல்லிக் குழாய்ல பனி, தடிக் குழாய் வறட்சி, எல்லாம் கேஸ் குறைச்சல்னே சொல்லுது. ஓட்டை அந்த நட்டுலதான். சந்தேகமே வேணாம்னா சோப்புத் தண்ணியை மிஷின் நிக்கும்போது பிரஷ்ஷால தடவுங்க. ஓடும்போது தடிக் குழாய்ல பிரஷர் குறைவு, நிக்கும்போதுதான் ஏறும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க, பொடிப்பொடியா நுரை கட்டும்.

இப்ப யாரைக் கூப்பிட்டாலும் வேலையை எப்படிச் செய்யணும்னு முன்னாடியே பேசிக்குங்க. எழுதியே கொடுத்துடுங்க.

முதல் விஷயம், லீக் இருக்கிற மிஷின்ல பம்ப் டவுன் பண்ண விடாதீங்க. கேஸை அவுட்டோருக்குள்ள இழுத்துப் பூட்டி வைக்கிறதுக்குப் பேர்தான் பம்ப் டவுன். நல்ல மிஷினுக்கு அது சரி. ஓட்டை நட்டோட அதைச் செஞ்சா வெளிக்காத்தையும் சேர்த்து இழுக்கும். காத்தும் எண்ணெயும் கம்ப்ரசர்ல அழுந்திச் சூடேறினா வெடிச்சு ஆளே போயிடலாம். மிச்ச கேஸைத் தனி சிலிண்டர்ல வாங்கிக்கிறதுதான் முறை. ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். பழைய ஆர்-22 மாதிரி அலட்சியமா கையாளக் கூடாது. வைக்கோல் போர் பக்கத்துல இருக்கிற கொல்லை உங்களுது. பீடி, தீப்பெட்டி, பத்தவைக்கிற டார்ச் எதுவும் கேஸ் முழுசா வெளியேறுற வரைக்கும் கிட்ட வரக் கூடாது.

வெறும் நட்டை மாத்தினா போதாது. கறை பிடிச்ச செப்புக் குழாயையும் வெட்டிட்டு, புதுக் குழாய்ல புதுசா ஃப்ளேர் எடுக்கணும், அதாவது நட்டு பிடிக்கிற மாதிரி குழாய் வாயை விரிக்கணும். ஒண்ணரை டன்னுக்குக் கால் இஞ்சும் அரை இஞ்சும். நட்டை டார்க் ஸ்பேனர்ல, அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்குற ஸ்பேனர்ல முடுக்கச் சொல்லுங்க. கால் இஞ்சுக்கு 15லேருந்து 17, அரை இஞ்சுக்கு 50லேருந்து 60 நியூட்டன் மீட்டர். கையில கிடைச்ச ஸ்பேனரைப் போட்டு, லீக் ஆகக் கூடாதுன்னு இன்னும் ஒரு முறுக்கு முறுக்குறாங்க பாருங்க, ஐயா சொன்ன இறுக்கம் அங்கதான் வருது.

அப்புறம் நைட்ரஜன் ஏத்தி, பிரஷர் காட்டுற கேஜ் முள்ளு அசையாம நிக்குதான்னு பார்க்கணும். கம்ப்ரசர் காத்தோ ஆக்சிஜன் சிலிண்டரோ கொண்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க. ஆக்சிஜன் எண்ணெயோட சேர்ந்தா வெடிக்கும். நைட்ரஜன் நின்னதும் வேக்கம் பம்பு போட்டு உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் அரை மணி நேரம் இழுக்கணும். கொஞ்சம் கேஸை விட்டுக் காத்தைத் தள்ளிட்டு "வேக்கம் ஆயிடுச்சு"ன்னு சொல்றதெல்லாம் ஒத்துக்காதீங்க. உள்ளே ஈரம் தங்கினா பின்னாடி கம்ப்ரசரைத்தான் தின்னும். கடைசியா கேஸை எடை போட்டு ஏத்தணும். உங்க ஸ்டிக்கர்ல 800 கிராம்னா சிலிண்டரைத் தராசுல வச்சு 800 கிராம் இறக்கணும். குழாய் நீளத்தைக் கூட்டினாத்தான் கம்பெனி புத்தகத்துல சொன்ன அளவுக்குக் கூடுதல். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பா அடைக்கிறது இன்வெர்ட்டர் மிஷினுக்கு ஒத்துவராது. கம்ப்ரசர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், பிரஷரும் அதோட மாறும்.

எல்லாத்தையும் விட முக்கியம் இடம். அவுட்டோரைக் கொட்டகைக்கு மேலேருந்து எடுத்துடுங்க. இல்லைன்னா எந்த நட்டு போட்டாலும் திரும்ப இதே கதிதான். தெற்குச் சுவர் காலியா இருக்கா?


பாமணியாற்றங்கரை எழுதியது:

தெற்குப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது அண்ணா. அங்கே வேப்ப மரம் நிற்கிறது, நிழலும் விழும். இலை உதிரும் காலத்தில் அடைக்குமோ என்று யோசனை. குழாய் கொஞ்சம் நீளும்.


குடந்தை ஏசி சர்வீஸ் எழுதியது:

நிழல் நல்லதுதான் அக்கா. இலை காயில்ல ஒட்டினா கையால எடுத்துடலாம், அம்மோனியாவை எடுக்க முடியாது. சுவருக்கும் அவுட்டோருக்கும் நடுவுல ஒரு அடியாவது இடைவெளி விடச் சொல்லுங்க. முன்பக்கம் காத்து தள்ளுற வழியில தட்டியோ கீத்தோ எதுவும் நிக்கக் கூடாது. நட்டுக்கு மேலே பஞ்சு டேப் வேணாம். துவாரம் இல்லாத கருப்பு ரப்பர் இன்சுலேஷன் போட்டு, முனையெல்லாம் காத்து புகாம ஒட்டி, மேலே வெயில் தாங்குற டேப்பைச் சுத்தச் சொல்லுங்க. காத்து உள்ளே போகலைன்னா நட்டு வேர்க்காது.

இன்னொண்ணு. மாடி இல்லாத கான்கிரீட் தளம் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி பத்து, பதினொண்ணு வரைக்கும் கீழே இறக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சாக்கூட மிஷினுக்குப் பாரம் குறையும். அம்மாவுக்கு 24 தேவைப்படாது. 26ல வச்சு ஃபேனை மெதுவா ஓடவிட்டா உடம்பு காயாம இதமா இருக்கும், காத்து நேரா மேலே படாம மடலைத் திருப்பி விடுங்க.


பாமணியாற்றங்கரை எழுதியது:

வேலை முடிந்தது. நட்டைத் துடைத்துப் பார்த்தோம். ஐயா சொன்னது அப்படியே இருந்தது. தட்டைப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை மெல்லிய கோடு. நகத்தால் நிமிண்டினால் தட்டுப்படுகிறது. வந்த மெக்கானிக்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தவர் நைட்ரஜனும் தராசும் கொண்டு வந்திருந்தார். நைட்ரஜனை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார், திரும்பி வந்தபோதும் முள் அதே இடத்தில்தான் நின்றது. தெற்குச் சுவருக்கு மாற்றியாகிவிட்டது. புதுக் குழாய், ஸ்டாண்டு, கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. வழக்கமாகக் கேஸ் அடைப்பதைவிட அதிகம்தான், புது மிஷினோடு பார்த்தால் பெரிய செலவு இல்லை.

இப்போது மேலே 29, வாயில் 18. வாளியை மதியத்துக்குள் ஊற்ற வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முதுகில் வேர்க்குரு அடங்கிவிட்டது.

மூத்திரக் கால்வாயையும் சுவரை விட்டுத் தள்ளி வெட்டச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுவரில் மோட்டார் ஸ்விட்ச் போர்டு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் பித்தளை திருகுகள் இருக்குமே ஐயா, அதையும் பார்க்க வேண்டுமா?


பொன்மலை ரிடையர்டு எழுதியது:

கட்டாயம் பாருங்கள் அம்மா. மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். செப்பு ஒயர் முனை நீலமோ பச்சையோ பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புது முனை எடுக்க வேண்டும், திருகுகளையும் மாற்றிவிடுங்கள். போர்டையும் வேறு சுவருக்கு மாற்றிவிட்டால் நல்லது.